லிஃப்டில் யார் போகலாம்

ஜூன் 5, புதன்

இன்று ஒரு நோட்டீஸ் எழுதினேன். இவருக்கு, அதாவது என் கணவர் தணிகாசலத்துக்கு, தமிழில் சேர்ந்தாற்போல் நாலு வரி எழுத வராது. எங்கள் பவளமல்லி அபார்ட்மெண்ட்ஸ் சங்கத்துக்குச் செயலாளர் அவர். எழுதும் கை என்னுடையது. 'லிஃப்ட்' என்று எழுதலாமா 'மின்தூக்கி' என்று எழுதலாமா என்று அரை மணி நேரம் விவாதம். மின்தூக்கி என்றால் யாருக்குப் புரியும் என்றேன். நோட்டீஸுக்கு ஒரு கெத்து வேண்டாமா என்றார். கடைசியில் மின்தூக்கிதான் ஜெயித்தது.

"வீட்டு வேலை செய்வோர் முதன்மை மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது. சர்வீஸ் மின்தூக்கி பழுது நீங்கும் வரை படிகளைப் பயன்படுத்தவும்."

சர்வீஸ் லிஃப்ட் பொங்கலிலிருந்தே ஓடவில்லை. வேலை செய்கிறவர்கள் மெயின் லிஃப்டில் ஏறுவது காலையில் ஆபீஸ் போகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று 9ஏ கமலக்கண்ணன் சொன்னாராம். அவர்தான் சங்கத் தலைவர். "ஒரு மாதிரி வாடை வேற" என்றும் சொன்னாராம். அதை நோட்டீஸில் சேர்க்கவில்லை.

வெண்டைக்காய் முற்றல். பாதியைக் கீழே போட்டேன்.

ஜூன் 6, வியாழன்

லோகநாயகி இன்று தாமதம். ஏழு மாடி ஏறி வந்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பல வருஷமாக எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து வீடு துடைக்கிறாள். இதே கட்டடத்தில் இன்னும் மூன்று வீடுகள் அவளுக்கு.

"கீழ ஒட்டிகீறத படிச்சேன்க்கா."

"ம்."

"கையெழுத்து ரொம்ப அழகாகீது."

கேஸ் வந்த தேதியை நான் காலண்டரில் குறித்து வைப்பதைத் தினமும் பார்க்கிறவள். என் எழுத்து தெரியாமல் இருக்குமா? பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு வழக்கம்போல் காபி. பால்கனி ஜன்னலில் இருக்கும் அவளுடைய டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். நான் நாற்காலியில். அவள் மகள் நர்ஸிங் சேர வேண்டும் என்கிறாளாம். அந்தக் கதையிலேயே பதினொன்று ஆகிவிட்டது.

ஜூன் 7, வெள்ளி

துவரம்பருப்பு தீர்ந்தது. இவருக்குச் சளி. வேறு விசேஷமில்லை.

ஜூன் 11, செவ்வாய்

காய் வாங்கிவிட்டு வரும்போது படிக்கட்டின் முதல் படியில் லோகா உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள். "என்கூட வா, யார் கேக்கறாங்கன்னு பாப்போம்" என்று லிஃப்டுக்குள் இழுத்துக்கொண்டேன். மூன்றாவது மாடியில் 3டி நளினி ஏறினாள். எங்களைப் பார்த்தாள், பிறகு மேலே ஃபேனைப் பார்த்தாள்.

நான் வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் இவருக்குச் செய்தி வந்துவிட்டது.

"செயலாளர் பொண்டாட்டியே இப்படிப் பண்ணா என் பேச்சை எவன் மதிப்பான்?"

"பை கனமா இருந்துச்சு. தூக்கத்தான் கூப்பிட்டேன்."

கீரையும் கொத்தமல்லியும் அப்படி என்ன கனம். ஆனால் சண்டை அதோடு முடிந்தது.

ஜூன் 14, வெள்ளி

கன்னியம்மா படியில் விழுந்துவிட்டார். 9ஏ வீட்டில் வேலை செய்கிறவர். அறுபது வயதாவது இருக்கும். குப்பைப் பையோடு இறங்கும்போது ஐந்தாவது மாடிக்குச் சற்று மேலே கால் வழுக்கியிருக்கிறது. சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவள் 5சி ரெஹானா. மெயின் ரோட்டில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறாள், கையும் காலும் பரபரவென்று இருப்பவள். ஒரு வாரப் பத்திரிகையைச் சுருட்டி மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுத்து, தன் துப்பட்டாவால் கட்டி, ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். நானும் போனேன். எலும்பு முறிவு. கன்னியம்மா வலிக்கிறது என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. "குப்ப எல்லாம் செதறிப்போச்சே, அம்மா திட்டுமே" என்றுதான் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கமலக்கண்ணன் என்ன சொன்னார் என்று இவரைக் கேட்டேன்.

"பாத்து நடக்க வேணாமான்னார்."

படியெல்லாம் மாம்பழத் தோலும் முட்டை ஓடும். சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்று இவர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார். செய்தியைப் படித்துவிட்டு நான் போய்க் கூட்டினேன்.

ஜூன் 15, சனி

யாரும் வரவில்லை. லோகா மட்டுமல்ல, இந்தக் கட்டடத்தில் வேலை செய்கிற ஒருத்தியும் வரவில்லை. கேட்டுக்கு எதிரில் இருக்கும் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரும்பாக்கத்திலிருந்து வழக்கம்போல் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, ரோட்டை மட்டும் கடக்காமல், அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். லிஃப்டில் விட்டால் வருவோம், கன்னியம்மாவின் வைத்தியத்தைச் சங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினார்களாம்.

குழுவில் ஒரே அமளி. வேலை நிறுத்தம், வேலை நிறுத்தம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் வேலை ஒன்றும் நிற்கவில்லை. ஆள்தான் மாறியது.

ஜூன் 17, திங்கள்

இவர் காபி குடித்த டம்ளரைத் தானே கழுவி, கூடத்துக்குக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். நன்றாக இருக்கிறது என்றேன். "இன்னும் ரெண்டு நாள். தானா வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு டம்ளரை டிவி மேல் வைத்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு இரண்டு பேருக்குக் காபி கலந்துவிட்டேன், பழக்க தோஷம். பேச்சுத் துணை இல்லை என்று சொல்லவில்லை. காபி மிஞ்சிவிட்டது, அவ்வளவுதான்.

ஜூன் 19, புதன்

கொத்தமல்லி வாங்கப் போனேன். (ஃப்ரிட்ஜில் இருந்தது. வாடியிருக்கும் என்று நினைத்தேன்.) கடைக்குப் பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கன்னியம்மா மாவுக் கட்டோடு நடுவில் கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் லோகாவும் மற்றவர்களும். ஒரே சிரிப்பு. ஒருத்தி கமலக்கண்ணன் மாதிரி மூக்கைச் சுளித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். நிறுத்தாமல் இருந்திருக்கலாம், நன்றாகத்தான் செய்தாள்.

"குந்துக்கா" என்று லோகா நகர்ந்து இடம் விட்டாள். டீக்கடையிலிருந்து வந்த கண்ணாடி டம்ளர் ஒன்றை என் கையில் கொடுத்தாள். குடித்தேன். ஏலக்காய் தூக்கலாக இருந்தது.

"எப்ப வருவே லோகா?"

"லிஃப்ட்டுல வுடச் சொல்லுக்கா. நாளைக்கே வரேன்."

"நான் என்ன பண்ண முடியும்? முடிவு பண்றதெல்லாம் அவங்க."

"அப்ப அவங்ககிட்ட போய்ப் பேசு. எங்ககிட்ட வந்து ஏன் நிக்கற?"

கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனாலும் திரும்பி வரும்போது கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

சங்கம் ஏதோ ஏஜென்சியில் சொல்லி இரண்டு பெண்களை வரவழைத்தது. கேட் வரை வந்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து விசாரித்தார்கள். கன்னியம்மா கையைத் தூக்கிக் காட்டினார். டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டார்கள். இவருக்கு முகமே சரியில்லை. நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் முகத்தை இவர் பார்க்கவில்லை, நல்லவேளை.

ஜூன் 24, திங்கள்

வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. இரண்டு தீர்மானங்களை ஓட்டுக்கு விடப்போகிறார்கள். லிஃப்ட் விதி இனி நிரந்தரம். லோகநாயகி, கன்னியம்மா இருவருக்கும் கேட் பாஸ் ரத்து. இனி இந்த வளாகத்துக்குள் எந்த வீட்டுக்கும் வரக் கூடாது. தூண்டிவிட்டது அவர்களாம். லோகாவுக்கு ஒரே நாளில் நாலு வீடும் போய்விடும். மகள் கதையை நினைத்துக்கொண்டேன்.

இதையும் அழகாக எழுதித் தரச் சொன்னார். கை வலிக்கிறது என்றேன். பொய்யில்லை, இத்தனை நாளாகப் பாத்திரம் தேய்க்கும் கை. அவரே இங்கிலீஷில் டைப் அடித்துக்கொண்டார்.

கூடவே என்னிடம் வழக்கமான கடிதத்தையும் நீட்டினார். இந்த வீடு என் பேரில் இருக்கிறது. பெண் பேரில் வாங்கினால் கடன் வட்டி கொஞ்சம் குறையும் என்று பேங்கில் சொன்னார்கள். பதிவு அலுவலகத்தில் நான்தான் விரலில் மையோடு நின்றேன். அதன் பிறகு அதை நானும் மறந்தேன், இவரும் மறந்தார். வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்குழு வரும்போது மட்டும் ஞாபகம் வரும். சங்க விதிப்படி ஓட்டு உரிமையாளருக்குத்தான். 'எனக்குப் பதிலாக என் கணவர் கலந்துகொள்வார்' என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

அப்புறம் போடுகிறேன் என்று ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

காலை இட்லி சாப்பிடும்போது கேட்டார்.

"கையெழுத்துப் போட்டியா?"

"இல்ல."

"பேனா இல்லையா?"

"பேனா இருக்கு. கூட்டத்துக்கு நானே வரேன்."

"நீ எதுக்கு? மணிக்கணக்கா பேசுவானுங்க. தலைவலிதான் மிச்சம்."

"கேட்டுக்கறேன்."

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "யார் பக்கம் கை தூக்குவே?" என்றார்.

"அங்க வந்து பாருங்க."

வழக்கத்தைவிட ஒரு இட்லி குறைவாகச் சாப்பிட்டார். சட்னி நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் ரெஹானா கடைக்கு ஒரு தலைவலி மாத்திரை வாங்கப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் கல்லாவை மூடிவிட்டுச் சிரித்தாள்.

"எங்க வீடும் என் பேர்லதான்க்கா. நானும்தான் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன். இன்னும் எத்தன பேர் இருப்பாங்க?"

"பாதி இருக்கும்."

"பாதிக்கு மேலயே இருக்கும். அத்தன பேருக்குமா கூட்டம்னா தலவலி?"

ஜூன் 27, வியாழன்

நானும் ரெஹானாவும் ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். படியில்தான் போனோம். நாலாவது மாடியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. ரெஹானா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெண்கள் எல்லாரும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று நான் நினைத்தது தப்பு. நளினி வாசலிலேயே வைத்துப் பேசினாள். "அவங்க லிஃப்ட்ல வந்தா என்ன, வராட்டி என்னங்க? எனக்குக் காலைல பஸ் பிடிக்கணும். ஒரு நாள் லிஃப்ட் கிடைக்கலன்னா ஆபீஸ்ல அரை நாள் லீவு." அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சர்வீஸ் லிஃப்டைச் சரி பண்ணினால் உனக்கும் நல்லது என்றேன். பார்க்கலாம் என்றாள்.

இரண்டாவது மாடியில் ஒரு புதுப் பெண், "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனே ஆன்ட்டி" என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நேர்ல வந்துட்டா அந்த லெட்டர் செல்லாதும்மா" என்றாள் ரெஹானா. அந்தப் பெண்ணுக்கு அதைக் கேட்டு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்!

9ஏயில் கமலக்கண்ணனின் மனைவி சுலோசனா கதவைத் திறந்தார். தண்ணீர் கொடுத்தார். "அவர் உள்ள இருக்கார்" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான் பேச்சு.

வீட்டுக்கு வந்தால் இவர் ஹாலில் காத்திருந்தார்.

"வீடு வீடாப் போய் எனக்கு எதிரா கட்சி சேக்கறியாமே?"

"உங்களுக்கு எதிரா இல்ல."

"உனக்கு நான் என்ன குறை வெச்சேன் வனஜா?"

குரல் உடைந்திருந்தது. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. யோசித்துப் பார்த்தேன். குறை என்று ஒன்றும் தோன்றவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வேலை பார்த்தது மட்டும் ஞாபகம் வந்தது. இவருக்கு மாற்றல் வந்தபோது நானேதான் வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. யாரும் விடாதே என்றும் சொல்லவில்லை. அதை எதற்கு இப்போது எழுதுகிறேன்? மாவு பொங்கிவிட்டது, எடுத்து வைக்க வேண்டும்.

ஜூன் 30, ஞாயிறு

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக். எந்த வருஷமும் முதல் வரிசையில் ஆண்கள்தான் உட்காருவார்களாம். நாங்கள் சீக்கிரமே போய் அதைப் பிடித்துக்கொண்டோம். ரெஹானா ஒரு டப்பா பேரீச்சம்பழத்தைச் சுற்றுக்கு விட்டாள்.

இவர் மைக்கில் ஒவ்வொரு வீடாக வருகைப் பதிவு வாசித்தார். ஆறாவது மாடி வரை சரளமாக வந்தவர், ஏழாவது மாடியில் தொண்டையைக் கனைத்தார்.

"7பி." கொஞ்சம் நிறுத்தி, "வனஜா" என்றார்.

"இருக்கேன்."

பள்ளிக்கூடத்தில் சொன்ன மாதிரி எழுந்து நின்றே சொல்லிவிட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.

கமலக்கண்ணன் ஒழுங்கு, பாதுகாப்பு, சொத்து மதிப்பு என்று பேசினார். சுகாதாரம் என்றார். சுகாதாரத்தை விளக்கும்போது மறுபடியும் அந்த வாடை வந்தது. நான் பேசுவதாகவே இல்லை. ரெஹானாதான் பேசுவது என்று ஏற்பாடு. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கால் தானாக எழுந்துவிட்டது. ரெஹானா மைக்கை வாங்கி என் கையில் திணித்தாள்.

"அந்த நோட்டீஸை எழுதினது நான்தான்" என்றேன். அதைச் சொல்லத் திட்டமே இல்லை. "வாடை வருதுன்னு சொல்றீங்க. அது நம்ம வீட்டு மீன் சட்டி வாடை. நம்ம வீட்டுக் குப்பை. இத்தனை நாளா எங்க வீட்டுல அதைத் தேய்க்கறதும் அள்ளறதும் நான்தான். இப்ப எம்மேலயும் அதே வாடைதான் அடிக்குது. நாளையிலேருந்து நானும் படியில வரணுமா சார்?"

இவர் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு உட்கார்ந்துவிட்டேன், அதற்குமேல் எனக்குப் பேச்சும் தெரியாது.

கை தூக்கச் சொன்னதும் எல்லா ஆண்களும் தூக்கிவிட்டார்கள். "ஓனர்ஸ் மட்டும்!" என்று ரெஹானா கத்தினாள். சலசலப்பு. எல்லாரும் செயலாளரைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் இவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பிறகு மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோய், "விதிப்படி உரிமையாளர்கள் மட்டும். மத்தவங்க தயவுசெஞ்சு கையை இறக்குங்க" என்றார். முதலில் இறங்கியது இவருடைய கைதான்.

நளினி தீர்மானத்துக்கு ஆதரவாகத்தான் கை தூக்கினாள். புதுப் பெண் எதிர்த்தாள், அதுவும் இரண்டு கையையும் தூக்கி. ஒன்று போதும் என்று சொல்ல வேண்டியிருந்தது. கடைசி வரிசையிலிருந்து சுலோசனாவின் கை எழுந்தது. கணவர் பக்கம் திரும்பவே இல்லை. நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு, கண்ணாடி வளையல் முழங்கை வரை இறங்க, அப்படியே வைத்திருந்தார். கமலக்கண்ணன், "சுலோ" என்றார். கை இறங்கவில்லை.

இவர் இரண்டு தரம் எண்ணினார். "தீர்மானங்கள் இரண்டும் தோற்றன" என்று வாசித்தார். எண்ணிக்கையில் ஒரு கையைக்கூட விட்டுவிடவில்லை. நாலே நாலு ஓட்டு வித்தியாசம். கன்னியம்மாவின் வைத்தியச் செலவு சங்கத்தினுடையது, சர்வீஸ் லிஃப்டை உடனே சரி செய்ய வேண்டும் என்று ரெஹானா கொண்டுவந்த தீர்மானத்துக்கு நளினியும் கை தூக்கினாள்.

கேட்டுக்கு வெளியே போய்ச் சொன்னது அந்தப் புதுப் பெண்தான். அங்கிருந்து கேட்ட விசில் சத்தத்துக்கு நாய்கள் எல்லாம் குரைக்க ஆரம்பித்துவிட்டன.

ஜூலை 1, திங்கள்

லோகா லிஃப்டில் வந்தாள். உள்ளே வந்ததும் வேலையைத் தொடாமல் நின்றாள்.

"இனிமே ஞாயித்துக்கெழம லீவுக்கா. எல்லா வூட்டுலயும் சொல்லிட்டோம்."

"சரி."

"நீதான் பேசி வாங்கிக் குடுத்தேன்னு வாட்ச்மேன் சொல்றாரு. நான் தேங்க்ஸெல்லாம் சொல்ல மாட்டேன். சம்பளத்த வுட்டுட்டு வெயில்ல குந்திகினு இருந்தது நாங்க."

"நீ சொல்றது சரிதான்."

"ஆனா நல்லா பேசினியாமே" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்தாள்.

பத்து மணிக்குக் காபி. டம்ளரைத் தேடி அவள் பால்கனிக்குப் போனாள். அங்கே இல்லை, எல்லா டம்ளரும் அலமாரியில்தான் இருக்கிறது என்றேன். ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டாள். இன்னொரு நாற்காலியை நான் இழுத்துப் போட்டிருந்தேன்; உட்கார்ந்தாள். இதில் எழுத என்ன இருக்கிறது, தெரியவில்லை.

ஜூலை 4, வியாழன்

இவர் பேச்சு: "கேஸ் புக் பண்ணணும்." என் பேச்சு: "பண்ணிட்டேன்."

ஜூலை 7, ஞாயிறு

லோகாவுக்கு லீவு. எனக்கும் லீவு என்று காலையிலேயே சொன்னேன். சமையல் நான், பாத்திரம் நீங்கள் என்றேன். கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நான் ரெஹானாவோடு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்தேன். திரும்பி வரும்போதும் பாத்திரம் தொட்டியிலேயே கிடந்தது. தொடவில்லை. தொடாமல் இருப்பது தேய்ப்பதைவிடக் கஷ்டம். சீரியல் ஓடும்போது சமையலறையில் தண்ணீர் சத்தம் கேட்டது. டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டேன்.

ஜூலை 24, புதன்

கன்னியம்மாவுக்கு மாவுக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். இன்றுதான் முதல் நாள் வேலை. காலையில் லோகா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஒங்க வூட்டுக்காரு கீழ நின்னுகினு இருந்தாருக்கா, வாக்கிங் போய்ட்டு வந்து. உள்ள நாங்க அஞ்சாறு பேரு. நீங்க போங்க, நான் அடுத்ததுல வரேன்னு பின்னால நகர்றாரு. கன்னியம்மாதான் பையத் தன் பக்கம் இழுத்துகினு, 'வா சார், எடம் கீது'ன்னு கூப்டுச்சு."

"ஏறினாரா?"

"ஏறினாரு. ஏழு மாடியும் தன் செருப்பையே பாத்துகினு வந்தாரு."

என்னிடம் இதைப் பற்றி இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னாலிருந்தே கேட்டார்.

"அந்த அம்மாவுக்குக் கை இப்ப எப்படி இருக்காம்? வலி இருக்காமா?"

பதில் எனக்குத் தெரியும். லோகா சொல்லியிருந்தாள்.

"நாளைக்குக் காலைல லிஃப்ட்லதான் வருவாங்க" என்றேன். "நீங்களே கேளுங்க."

ஜூலை 25, வியாழன்

கேட்டாராம்.